உளவு டீச்சரின் முதல் ஐந்து நிமிடம்

வராந்தாவில் எதிரே வரும் யாராவது அவருக்கு வணக்கம் சொன்னால், "வணக்கம், எல்லாரும் கண்ணை மூடுங்க" என்று பதில் வரும். சொன்னவர் கண்ணை மூடுவதா வேண்டாமா என்று விழிப்பதற்குள் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சுக்கங்க, கிளாஸ் ஞாபகத்துல இருந்தேன்" என்று பையை மார்போடு அணைத்தபடி ஓடிவிடுவார். குள்ளமான உருவம், வேகமான நடை, எப்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும் உதடுகள். பள்ளியில் அவருக்கு 'உளவு டீச்சர்' என்று பெயர். கற்பித்த பாடம் உளவியல். அந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போன எழுத்துகள்தான் அவருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்தன.

அவர் உளவியல் படித்ததே ஒரு விபத்து. வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டார். அங்கே இடம் தீர்ந்துவிட்டது. அடுத்த சன்னலில் கூட்டம் இல்லையென்று அங்கே போய் நின்றார். வீட்டில் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு அவருடைய அம்மா, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் படிக்கிறா" என்று பெருமையாகச் சொன்னார். விளைவு, உறவில் அடங்காத பிள்ளை எது இருந்தாலும் விடுமுறை நாளில் இவர் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் தனிப் பரிவு உண்டு. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே நான்தான் முதல் பட்டதாரி. வணிகவியல் என்று சொன்னபோது என் அப்பா, "கடை வெக்கறதுக்கு எதுக்குடா காலேஜு? கல்லாவுல உக்காந்தா போதாதா?" என்றார். படித்த பாடத்தின் பெயரை வீட்டுக்குப் புரிய வைப்பதற்குள் பட்டமே வாங்கிவிடலாம்.

பெண் பார்க்க வந்தவர்கள் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "மனசுல நினைக்கிறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிடுமாம்மா?" என்பது. இவர் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் அந்த நல்ல மனிதர் கல்யாணமாகிப் பல வருடங்கள் வரை அதை நம்பிக்கொண்டிருந்தார். தாமதமாக வந்தால், கேட்பதற்கு முன்பே வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். "அந்தத் தப்பை மட்டும் நான் திருத்தவே இல்ல சார்" என்று டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பயிற்சி முகாமுக்குப் போகும் வரை. 'பாடத்தை ஆர்வமூட்டித் தொடங்குவது எப்படி' என்பது தலைப்பு. ஆர்வமூட்டல் என்பது எங்கள் தொழிலில் வேத வாக்கு. பாடக்குறிப்பில் அதுதான் முதல் வரி, பாடம் அப்புறம்தான். தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர வேண்டிய முகாம் தொடங்கவே மதியம் ஆகிவிட்டது. மைக் வேலை செய்யவில்லை, பிறகு விளக்கேற்ற வேண்டியவர் வரவில்லை, பிறகு வந்தவர் மேடையை விட்டு இறங்கவில்லை. கடைசியில் கருத்தாளர் எழுந்து, "முதல் ஐந்து நிமிடம்தான் பாடத்தின் உயிர்" என்றார். எல்லாரையும் கண்ணை மூடி ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னார். சாப்பிட்ட நேரம், பாதிப் பேர் அந்தக் கடற்கரையிலேயே படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் மறந்த அந்த ஒரு வாக்கியத்தை நம் டீச்சர் மட்டும் நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அவருக்குத் தொடக்கங்கள்தான் வாழ்க்கை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் திடீர் சத்தத்துக்கு மனிதர்கள் எப்படித் துள்ளுகிறார்கள் என்று காட்ட பலூன் உடைத்தார். வகுப்பு துள்ளியது, பக்கத்து அறையில் பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் அதைவிட அதிகமாகத் துள்ளி, வட்டம் முட்டையாகிவிட்டது. இன்னொரு நாள், நினைத்தாலே வாயில் நீர் ஊறும் என்று காட்ட, எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் பிழிவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். மதிய மணிக்கு முந்தைய வகுப்பு. ஊறிய நீரோடு பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்துவிட்டார்கள். மேசையில் சாமான்களைப் பரப்பிக் காட்டிவிட்டு, துணியால் மூடி, நினைவிலிருந்து சொல்லச் சொன்ன நாளில், சொன்னவை எல்லாம் சரியாக இருந்தன. துணியைத் தூக்கியபோது சாமான்களில் ஒன்றுதான் இல்லை. ஒவ்வொரு தொடக்கமும் பிரமாதம். பாடத்துக்குத்தான் நேரம் இருந்ததே இல்லை. அந்தப் பள்ளி அவரை மரியாதையாக அனுப்பிவைத்தது.

எங்கள் பள்ளிக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் தாளாளர். செங்கல் வியாபாரத்தில் சம்பாதித்துப் பள்ளி கட்டியவர். அடுத்த தெருப் பள்ளியில் உளவியல் ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ காதில் போட, "நம்மகிட்டயும் அது ஒண்ணு இருக்கட்டும்" என்றார், சலவை இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. டீச்சரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "பெஞ்சு ரொம்பினா பாடம் உண்டு, உங்க வேலையும் உண்டு. ரொம்பலைன்னா ரெண்டும் இல்ல. ஒளிவு மறைவு எனக்குப் பிடிக்காது டீச்சர்."

சேர்க்கைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார்கள். அடித்த பையன் பொறுப்பானவன். 'உளவியல்' என்பதைப் பார்த்து, யாரோ சேர்த்து எழுதிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு, 'உளவு இயல்' என்று பிரித்துத் திருத்தினான். அதோடு விட்டானா, ஓரத்தில் தொப்பி போட்டு, பூதக்கண்ணாடி பிடித்த ஆளையும் நிறுத்தினான். பள்ளி வாசலில் அது ஏறிய மறுநாள் வரிசை சாலைக்கு வந்துவிட்டது. வீட்டில் அண்ணன் ஃபோனில் யாரோடு பேசுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டியவர்கள், போலீசாக வேண்டியவர்கள், காணாமல் போன சைக்கிளைத் தேட வேண்டியவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பெஞ்சு நிரம்பி, சன்னல் திட்டிலும் ஆள்.

டீச்சர் பதறிப்போய்த் தாளாளரிடம் ஓடினார். "சார், போர்டு தப்பா இருக்கு. உளம்னா மனசு. உளவுன்னா வேவு. ரெண்டும் வேற."

"கூட்டம் வந்திருக்கே டீச்சர், அது தப்பா?"

"பசங்க ஏமாந்து வந்திருக்காங்க சார்."

தாளாளர் தமிழய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தமிழய்யா வந்தார், கண்ணாடியைத் துடைத்தார், தீர்ப்புச் சொன்னார்: "உளம் கூட்டல் இயல், உளவியல். சரிதான். ஆனா அறிவு கூட்டல் இயல் அறிவியல் ஆகும்போது, உளவு கூட்டல் இயலும் உளவியல்தானே ஆகணும்? இலக்கணப்படி அந்தப் பையன் மேல குத்தம் சொல்ல முடியாது."

"கேட்டீங்களா? இலக்கணமே நம்ம பக்கம்" என்றார் தாளாளர். "வேற குரூப்புக்கு மாறணும்னா இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். அதுவரைக்கும் மனசு கினசுன்னு வாயைத் திறக்காதீங்க. அப்புறம் நீங்களாச்சு, உங்க உளமாச்சு."

பாடநூலும் வரவில்லை, கால அட்டவணையும் ஆகவில்லை. உளவியலுக்கு முதல் வகுப்பே வியாழக்கிழமைதான். பிள்ளைகள் அதுவரை சும்மா இருப்பார்களா? வீட்டுப்பாடம் என்று தாங்களாகவே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை ஏற்றவன் 'கமிஷனர்' என்ற பட்டப்பெயர் கொண்ட நெட்டைப் பையன். அவனுக்கு வலது கை 'சிசிடிவி' என்ற பெண். அவள் கண்ணில் படாமல் பள்ளியில் ஈ நுழைய முடியாது. ஆசிரியர் அறை ஆட்டம் கண்டது. கதவைத் திறந்தால் பின்னால் ஒருத்தன். தூணைத் தாண்டினால் ஒருத்தி. தமிழய்யா மதியம் மேசையில் தலை வைப்பது இலக்கிய ஆராய்ச்சி இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவதும் தெரிந்தது.

"இதெல்லாம் ஒரு பாடமா டீச்சர்?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் சண்டைக்கு வந்தார். "என் பின்னாடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருக்கானுங்க!"

"நான் இன்னும் பாடத்தையே ஆரம்பிக்கல சார்" என்றார் டீச்சர், அழாத குறையாக.

தாளாளருக்கு மட்டும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. புதன்கிழமை டீச்சரைக் கூப்பிட்டார். அன்று மாலை டீச்சரே என்னிடம் சொன்ன பேச்சு இது:

"நல்ல பாடமாத்தான் இருக்கு. எந்த வாத்தியார் எப்ப வர்றாரு, எப்ப போறாருன்னு உங்க பசங்க மூலமா எனக்கொரு சேதி வந்துக்கிட்டிருந்தா, இந்தப் பாடத்தை நான் ஏன் மூடப்போறேன்? பெஞ்சு ரொம்பினாலும் ரொம்பாட்டியும் உங்க வேலை கல்லுல எழுதின மாதிரி. நாளைக்கு நானே கிளாஸுக்கு வந்து உக்கார்றேன். போர்டுல இருக்கற மாதிரியே ஆரம்பிச்சிடுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. தலையை இப்படி ஆட்டினேன். எப்படி வேணா எடுத்துக்கலாம்."

"வீட்டுல கேட்டீங்களா?"

"அவர்கிட்ட ஃபோன்ல கேட்டேன். 'நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத்தான் தெரியுமேம்மா'ன்னு வெச்சிட்டாரு."

உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு காலியாகும், வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை நிற்கும், ஆனால் பிள்ளைகளை வைத்து வேவு பார்க்கும் ஆளாக ஆசிரியர் அறையில் உட்கார வேண்டும். இதில் எனக்கும் ஒரு சிக்கல். அங்கிருந்து கலைகிறவர்கள் வந்து விழப்போவது என் வணிகவியலில்தான். என் பெஞ்சுகளிலும் இடம் கிடந்தது. "எதுக்கும் யோசிச்சு ஆரம்பிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். யோசிப்பதுதான் அவருடைய நோய் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்தது பெயருக்கு ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கைக்குட்டை எடுப்பார்கள். வியாழக்கிழமை நான் பலகையில் 'பற்று' என்று எழுதிவிட்டு 'வரவு' எழுதாமலே நின்றேன். என் பிள்ளைகளும் அதைக் கேட்கவில்லை. எல்லார் காதும் தடுப்பில்தான்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. தாளாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அமைதி. டீச்சர் தயார் செய்து வந்த தொடக்கம் மறந்துபோய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. பெஞ்சுகள் முனகத் தொடங்கின. நான் இரண்டு அடி நகர்ந்து தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன். ஆசிரியர் செய்யக்கூடியது இல்லை. ஆனால் அந்த வாரம் பள்ளியே அப்படித்தான் இருந்தது.

டீச்சர் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றிருந்தார். கடைசியில், கையிலிருந்த எதுவும் உதவாத குரலில் கேட்டார்: "என்னைப் பத்தி என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க? சொல்லுங்க."

வகுப்பு மூச்சை இழுத்துக்கொண்டது.

"திட்ட மாட்டேன். சொல்லுங்க."

சிசிடிவி எழுந்தாள். "டீச்சர், நீங்க தினம் காலையில சைக்கிள் ஷெட்டுல தனியா நின்னு பேசறீங்க."

டீச்சர் பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்தார். இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'நினைச்சது' என்று எழுதினார். "ஷெட்டுல தனியாப் பேசறது, இது கண்டது. சரி, ஏன் பேசறேன்?"

கமிஷனர் துள்ளி எழுந்தான். "ரகசிய ஃபோன் டீச்சர்! காதுல மெஷின் இருக்கு, முடியால மறைச்சிருக்கீங்க."

"போடா, அவங்க வீட்டுக்காரரோட சண்டை போடறதுக்கு ஒத்திகை பாக்கறாங்க" என்றாள் ஒருத்தி. "எங்கம்மாவும் அப்படித்தான்."

"கவிதை எழுதறாங்க."

"டீச்சர், உங்களுக்கு... கொஞ்சம்..." என்று ஒருவன் விரலை நெற்றிக்கு அருகே சுழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

அத்தனையையும் டீச்சர் வலது பக்கம் எழுதினார், அந்தச் சுழற்றலைக்கூட ஒரு சுழியாக. "இடது பக்கம் ஒரு வரி. வலது பக்கம் பாருங்க, எவ்வளவு கூட்டம்! சரி, கை எப்படி இருந்துச்சு? யாராவது பாத்தீங்களா?"

"நடுங்குச்சு டீச்சர்" என்றாள் சிசிடிவி, மெதுவாக.

"அது கண்டது." எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கமிஷனருக்கு உற்சாகம் பீறிட்டுவிட்டது. "டீச்சர், தாளாளர் சாரைப் பத்தியும் இருக்கு! சார் தினம் காலையில வாசல்ல நின்னு கடிகாரத்தைப் பாக்கறாரு."

"எதுக்கு?"

"லேட்டா வர்றவங்களைப் பிடிக்க!" என்றது வகுப்பு ஒரே குரலில். தாளாளர் முகத்தில் திருப்தி.

"இல்ல டீச்சர்" என்றாள் சிசிடிவி. "எல்லாரும் வணக்கம் சொல்றாங்களான்னு பாக்கறதுக்கு. லேட்டா வந்தாலும் வணக்கம் சொன்னா சிரிக்கிறாரு. சீக்கிரம் வந்து சொல்லாமப் போனா, அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கத்தறாரு."

சிரிப்பு வெடித்தது. என் வகுப்பிலும். டீச்சர் சிரிக்கவில்லை. "கத்தறது கண்டது. வணக்கத்துக்காகங்கறது நினைச்சது. அது அவர்கிட்டயே கேட்டாத்தான் தெரியும். கேக்கலாமா சார்?"

தாளாளர் எழுந்தார். "எனக்கு ஒரு ஃபோன் வருது" என்று காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

"டீச்சர், ஃபோன் அடிக்கல. இது கண்டது" என்றது ஒரு குரல்.

சிரிப்பு அடங்கும் வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஷெட்டுல நான் பேசறது, பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு. தினமும் ஒத்திகை பாக்கறேன். பயம், அதான் கை நடுங்குது. நீங்க இவ்வளவு பக்கத்துல வந்து பாத்திருக்கீங்க, ஆனா பயம்னு ஒருத்தரும் சொல்லல பாருங்க. இந்தப் பாடம் அதைப் பத்தித்தான். வாசல்ல இருக்கற போர்டு தப்பு. இது உளவு இல்ல, உளம். தொப்பி கிடையாது, பூதக்கண்ணாடி கிடையாது. நரம்பு, மூளை, ஞாபகம், மறதின்னு வரும். மனப்பாடம் பண்ற பகுதியும் நிறைய. வேற குரூப்புக்குப் போறவங்க நாளைக்குள்ள போயிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அப்போ இதுல படிச்சாப் போலீஸ் ஆக முடியாதா டீச்சர்?" கமிஷனரின் குரல் கம்மியது.

"ஆகலாம்டா. ஆனா அதுக்கு ஓடவும் தெரியணும்."

மணி அடித்தது. டீச்சர் நெற்றியைத் துடைத்தபோது சாக்பீஸ் தூள் அங்கேயும் ஒரு கோடு இழுத்தது.

வெள்ளிக்கிழமை காலை கொஞ்சம் பேர் மாறினார்கள். சைக்கிள் தேடியவன் போனான். அண்ணனின் ஃபோனைத் துரத்தியவள் அறிவியலுக்குப் போனாள். கமிஷனர் பையைத் தூக்கிக்கொண்டு என் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். உள்ளதைச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சிதான். முழு மூச்சாகப் பற்று வரவை விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் பையோடு எதிரே வந்து நின்றான்.

"சார், எனக்கு வணிகவியல் வரலை."

"ஒரு பீரியட்தானேடா ஆச்சு?"

"அந்தப் பக்கம் டீச்சர் இல்லாமலே சிரிக்கிறாங்க சார்" என்றான். போய்விட்டான்.

சாயங்காலம் தாளாளர் வராந்தாவில் நின்று அந்த வகுப்பைச் சன்னல் வழியாகப் பார்த்தார். சன்னல் திட்டு காலியாகியிருந்தது; பெஞ்சுகள் நிரம்பித்தான் இருந்தன. சொன்ன சொல் அவருடையது. அதுவும் ஒளிவு மறைவு பிடிக்காதவர். தொண்டையைச் செருமினார்.

"சரி டீச்சர், பாடம் இருக்கட்டும். ஆனா என்னைப் பத்தி வகுப்புல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேச மாட்டோம் சார்" என்றார் டீச்சர். "பாத்துக்கிட்டு மட்டும் இருப்போம்."

வேலை நிலைத்தது. ஆனால் திங்கட்கிழமைக்கு என்ன செய்வது? வாழ்நாளெல்லாம் தொடக்கங்களையே சேர்த்துவைத்தவரிடம் இரண்டாவது வகுப்புக்கு ஒன்றும் இல்லை. பாடநூல் மட்டும் அன்றுதான் வந்திருந்தது. வகுப்பு முழுக்க, மணி அடிக்கும் முன்பே கைகட்டி, இன்று என்ன வேடிக்கை என்று காத்திருந்தது. டீச்சர் உள்ளே வந்தார். "பக்கம் ஏழு. நரம்பு மண்டலம்" என்றார். ஆர்வமூட்டல் எதுவும் இல்லை, நேரே வாசிப்பு. கருத்தாளர் கேட்டிருந்தால் மூர்ச்சையாகியிருப்பார்.

இரண்டு பத்தி தாண்டியதும் ஒருவன் கொட்டாவி விட்டான். பக்கத்திலிருந்தவன் விட்டான். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் நகர்ந்தது.

"டீச்சர்" என்று கமிஷனர் கையைத் தூக்கினான். "ஒருத்தன் கொட்டாவி விட்டா ஏன் எல்லாருக்கும் வருது?"

வாசிப்பு நின்றது. "எனக்கும் முழுசாத் தெரியாதுடா" என்றார் டீச்சர். பிறகு அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். "சரி, எல்லாரும் புத்தகத்தை மூடுங்க. முதல்ல யாரு விட்டது? அவனைப் பாத்து விட்டவங்க யாரு, சத்தத்தைக் கேட்டு விட்டவங்க யாரு, சொல்லுங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பிலும் ஒவ்வொருவராக வாயைப் பிளந்தார்கள். அது அந்தப் பக்கத்துச் சத்தத்தால் வந்ததா, என் பற்று வரவால் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.